சிங்கப்பூரில் வேலை, பெர்த்தில் காரவேன்: இழுப்பதற்கென்று ஒரு பிக்கப் வைத்துக்கொள்வது எப்படி?

ஏர்கான் சர்வீஸ் தொழிலுக்காக நான் ஒரு டபுள் கேப் பிக்கப் (முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சரக்குத் தட்டு) வைத்திருக்கிறேன். காப்பிக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணே, வண்டிதான் கைவசம் இருக்கே. ஒரு காரவேனை வாங்கிப் பின்னாடி மாட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

கிளம்பலாம். துவாஸிலிருந்து சாங்கிக்குப் போனால் தீவு முடிந்துவிடும். அப்புறம் சக்கரம் வைத்த வீடான அந்த ஏழு மீட்டர் பெட்டியை எங்கே நிறுத்துவது? ஈஸ்ட் கோஸ்ட்டிலும் பாசிர் ரிஸிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வாங்கிக் கூடாரம் அடிக்கலாம். காரவேனுக்கு அங்கே இடமில்லை. வீட்டுக்குக் கீழே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் என் பிக்கப்பை நிறுத்தவே இரவு ஒன்பது மணிக்கு மேல் மூன்று சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது.

அதனால் எங்கள் காரவேன் பெர்த்தில் இருக்கிறது. அக்கா குடும்பம் கானிங் வேலில் இருக்கிறது. அத்தானும் நானும் ஆளுக்குப் பாதி போட்டுப் பழைய பிக்கப் ஒன்றும் காரவேன் ஒன்றும் வாங்கினோம். ஜூன் விடுமுறை, டிசம்பர் விடுமுறை இரண்டிலும் போகிறோம். ஐந்து மணி நேர விமானப் பயணம், கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் சொந்தக்காரர் யாராவது இருந்து, இப்படி ஓர் எண்ணம் உங்களுக்கும் இருந்தால், நாங்கள் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சிங்கப்பூர்க் கணக்கை முடித்துவிடுவோம்

இங்கே பிக்கப் என்பது கார் அல்ல, இலகு சரக்கு வாகனம். வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழுக்கான சிஓஇ ஏலத்தில் சி பிரிவு. கடந்த சில ஆண்டுகளில் அந்தப் பிரிவு பல ஏலங்களில் 60,000 வெள்ளியைத் தாண்டியது. கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டும் கார்களைப் போல இல்லாமல் 5 விழுக்காடுதான். பத்து ஆண்டு வரை வருடம் ஒருமுறை பரிசோதனை, அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிஓஇயைப் புதுப்பித்துக்கொண்டே போனாலும் இருபது ஆண்டில் வண்டியின் ஆயுள் முடிந்தது. பின்னால் 70 என்று ஒட்டியிருக்கும் மஞ்சள் வில்லை விரைவுச்சாலையில் நம் எல்லையைச் சொல்லும். தொழிலுக்கு இதெல்லாம் சரி. பொழுதுபோக்குக்காக மட்டும் இங்கே பிக்கப் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், பணம் மிச்சமிருந்தால் எனக்குக் கொடுங்கள் என்பேன்.

ஆனால் சிங்கப்பூர் பிக்கப் ஒரு நல்ல பாடம் சொல்லிக்கொடுக்கும். நம்மூர்ச் சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும்: காலி எடை, சுமையோடு அதிகபட்ச எடை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துவிடும். எந்த லாரி டிரைவருக்கும் இது மனப்பாடம். காரவேன் இழுப்பதும் இதே கழித்தல் கணக்குதான், இன்னும் இரண்டு வரி கூடும், அவ்வளவே. இதைப் போடாமல் வாங்கியவர்களைத்தான் நான் அங்கே அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் நாங்களும் உண்டு.

முதலில் காரவேன், அப்புறம்தான் பிக்கப்

எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பிக்கப்பைக் கண்டால் மனசு பறக்கிறது. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், டிரைட்டன், எதன் விளம்பரத்தைத் திறந்தாலும் "3,500 கிலோ இழுக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்கிவிட்டு, அந்த 3,500-ஐ நிரப்பக் காரவேன் தேடுவார்கள்.

நீங்கள் எத்தனை பேர், எத்தனை நாள், தார்ச்சாலையா செம்மண் பாதையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். நாலு பேருக்கு இரண்டு வாரம் என்றால், சரக்கோடு சேர்த்து 2,500 கிலோவுக்குள் நிற்கும் காரவேன் தாராளம். அதன் எடை தெரிந்த பிறகு, அதை மூச்சு வாங்காமல் இழுக்கும் பிக்கப்பைத் தேடுங்கள். வருடத்தில் ஐந்து வாரம் மட்டும் ஓட்டப்போகிறவருக்குப் புதிய வண்டி தேவையில்லை. ஆனால் பழைய பிக்கப் வாங்கும்போது கீழே படுத்து டோபாரை, அதாவது பாரம் இழுக்கப் பின்னால் பொருத்தியிருக்கும் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். காரவேனை மாட்டும் உருண்டை தேய்ந்து, அதைச் செருகும் பெட்டியில் சிராய்ப்பு நிறைய இருந்தால் அந்த வண்டி காலமெல்லாம் பாரம் இழுத்திருக்கிறது. அப்படி இழுத்ததற்கு கியர் ஆயில் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். "அது வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்" என்று விற்பவர் சொன்னால் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடலாம்.

வண்டி இரண்டும் அத்தான் பெயரில் பதிவு. காரவேனுக்கும் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட். மேற்கு ஆஸ்திரேலியாவில் வண்டி உரிமக் கட்டணத்திலேயே அடுத்தவர் காயத்துக்கான காப்புறுதி சேர்ந்துவிடும். வண்டிச் சேதத்துக்கு நாம்தான் தனியாக எடுக்க வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போகிறவர் சிங்கப்பூர் உரிமத்திலேயே ஓட்டலாம். ஆனால் காப்புறுதி நிறுவனத்திடம் "வெளிநாட்டு உரிமம் உள்ள என் மைத்துனரும் இழுத்து ஓட்டுவார்" என்று எழுத்தில் சொல்லி, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். பிக்கப்பை வாடகைக்கு எடுப்பவர்கள், ஒப்பந்தத்தில் டிரெய்லர் இழுக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

எடைக் கணக்கு: இதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்

நாலு சொற்கள் வரும். பயப்பட ஒன்றுமில்லை.

ஜிவிஎம் என்பது பிக்கப் மட்டும், ஆள், எரிபொருள், சாமான், அதன் மேல் அழுந்தும் காரவேன் மூக்கு எல்லாம் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை. ஏடிஎம் என்பது சரக்கோடு காரவேனின் உச்ச எடை. (இந்த ஏடிஎம்மில் பணம் வராது, போகும்.) ஜிசிஎம் என்பது இரண்டும் சேர்ந்த மொத்தம். நாலாவது, உருண்டை எடை: காரவேனின் மூக்கு டோபார் உருண்டையின் மேல் அழுத்தும் கிலோ. ஆஸ்திரேலியாவில் காரவேன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இப்போது ஓர் உதாரணம். பிக்கப் காலி எடை 2,150 கிலோ, ஜிவிஎம் 3,100, ஜிசிஎம் 5,950 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 950 கிலோ. அடேயப்பா, ஒரு டன் என்று தோன்றும். முன்னால் கங்காரு தடுப்புக் கம்பியும் பின்னால் டோபாரும் 100. பின்தட்டின் மேல் மூடிய கூண்டு 150. அதற்குள் இழுப்பறை 60. இரண்டாவது பேட்டரியும் சின்ன ஃப்ரிட்ஜும் 50. நாலு பேர் 290. பெட்டி படுக்கை 60. 2,500 கிலோ காரவேனின் மூக்கு 250. கூட்டுங்கள்: 960. பத்து கிலோ அதிகம்! இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக ஏற்றும் முன்பே பிக்கப் சட்ட எல்லையைத் தாண்டிவிட்டது.

இதே வண்டியில் விளம்பரத்தின் 3,500 கிலோவை மாட்டினால்? 5,950-இல் 3,500 போனால் பிக்கப்புக்கு மிச்சம் 2,450. காலி எடை போக 300 கிலோ. நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலே 290. தடுப்புக் கம்பியும் டோபாரும் என்ன, பின்னாலேயே நடந்து வருமா? இந்த மாதிரி வண்டிக்கு 3,500 என்பது காகிதத்தில்தான். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு இழுக்கும்" அல்ல. "நாங்கள் எல்லோரும் ஏறிய பிறகு எவ்வளவு இழுக்கும்" என்று கேளுங்கள். எங்களுக்கு விற்றவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

இன்னொரு நுணுக்கம். உருண்டை பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்குப் பின்னால் தொங்குகிறது. புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.2 மீட்டர், பின் அச்சிலிருந்து உருண்டை 1.2 மீட்டர் என்றால், மூக்கில் அழுத்தும் 250 கிலோ பின் அச்சில் சுமார் 344 கிலோவாக இறங்கும். முன் சக்கரங்களிலிருந்து 94 கிலோ எடுபடும். ஸ்டியரிங் லேசாவதும், இரவில் எதிரே வருபவர் கண்ணில் நம் விளக்கு குத்துவதும் இதனால்தான். எடையைப் பங்கிடும் ஹிட்ச் என்று ஸ்பிரிங் கம்பிகளோடு ஒன்று விற்கிறார்கள். முன்னால் குறைந்த எடையில் ஒரு பகுதியை அது திருப்பிக் கொடுக்கும். பின்னால் காற்றுப்பை வைத்து வண்டியை நிமிர்த்துவது பார்வைக்கு அழகு. ஆனால் முன் அச்சுக்கு எடை திரும்பாது, ஜிவிஎம்மும் ஒரு கிலோ கூடாது. அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு காற்றுப்பையை நம்பிப் போனவர்களின் சேஸிஸ் முறிந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போட்டாயிற்றா? சரி, அதை நம்பாதீர்கள். தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, பயணம் போகும் கோலத்திலேயே பொது எடைமேடைக்குப் போங்கள். பிக்கப் மட்டும் ஒரு தடவை, இரண்டும் சேர்ந்து ஒரு தடவை, காரவேன் சக்கரம் மட்டும் ஒரு தடவை. உருண்டை எடைக்கென்று கையடக்கத் தராசு கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் மாவரைக்கும் கிரைண்டர், இரண்டு பொன்னி அரிசிப் பை, குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் எங்கள் எடைச்சீட்டில் எங்கோ இருந்தன. கிரைண்டர் இப்போது வீட்டில் இருக்கிறது. மாவு மட்டும் வருகிறது.

கொக்கி, சங்கிலி, பிரேக், மின்சாரம்

3,500 கிலோ வரை அங்கே வழக்கமான உருண்டை 50 மில்லிமீட்டர். டோபார், உருண்டை, அதைக் கவ்வும் காரவேனின் கொக்கி மூன்றிலும் எடை எல்லை பொறித்திருக்கும். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. பாதுகாப்புச் சங்கிலி 2,500 கிலோ வரை ஒன்று போதும், அதற்கு மேல் இரண்டு. சங்கிலியை மாட்டும் வளையத்திலும் எடை பொறித்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பளபள வளையம் ஆகாது.

காரவேன் 750 கிலோவைத் தாண்டினால் அதற்கென்று பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், அதோடு கொக்கி கழன்றுபோனால் தானாகவே பிடித்து நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும். நம் பிக்கப்பின் டாஷ்போர்டில் ஒரு பிரேக் கன்ட்ரோலர் பொருத்துவார்கள். காரவேன் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்பதை அதில் திருகி வைக்கலாம். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் குறையுங்கள். பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போலிருந்தால் கூட்டுங்கள். அந்தக் கன்ட்ரோலரில் காரவேன் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் பொத்தான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிய வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விளக்குக்கான பிளக் தட்டையான ஏழு முனை அல்லது பன்னிரண்டு முனை. பிக்கப்பும் காரவேனும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். காரவேன்கள் தங்கும் பூங்காக்களில் மின்சாரம் 15 ஆம்பியர் பிளக்கில் வரும், அதற்கான கனமான கேபிள் தனியாக வேண்டும். வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரைச் செருகிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பின்னால் எடுக்கப் பழகுங்கள்

சிங்கப்பூரில் உரிமம் எடுத்த நமக்கு இணையாக நிறுத்துவது கைவந்த கலை. டிரெய்லரோடு பின்னால் எடுத்தால் அந்தப் பெருமையெல்லாம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். வண்டி இடது போனால் டிரெய்லர் வலது போகும்.

ஒரு சின்ன உபாயம் உண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ, கையை அந்தத் திசைக்கு நகர்த்துங்கள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் பெரிய நிறுத்துமிடத்தில் நாலு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து இரண்டு மணி நேரம் பழகுங்கள். மடங்கிக்கொண்டு போனால் அடம்பிடிக்காமல் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். பின்னால் நின்று வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கையால் காட்டட்டும், கத்த வேண்டாம். எங்கள் வீட்டில் கணவன் மனைவி இந்த வேலையைச் சேர்ந்து செய்வதில்லை என்று முதல் பயணத்திலேயே முடிவாகிவிட்டது. என் மனைவிக்கு அத்தான் வழிகாட்டுவார், அத்தானுக்கு நான்.

சரக்கை எங்கே வைப்பது: வால் ஆடிய கதை

எங்கள் முதல் பயணம் பெர்த்திலிருந்து வடக்கே செர்வான்டிஸ். இந்தியப் பெருங்கடல் சாலையில் சுமார் 200 கி.மீ. பிற்பகலில் கடலிலிருந்து காற்று வீசும். ஃபிரிமாண்டில் டாக்டர் என்று அந்தக் காற்றுக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். எதிரே ஒரு பெரிய லாரி கடந்துபோனது. காரவேனின் வால் லேசாக இடம் போய் வலம் வந்தது. அடுத்த ஆட்டம் அதைவிடப் பெரிது. மூன்றாவதில் பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது. நான் பிரேக்கை மிதித்தேன். அது தப்பு. பிக்கப் வேகம் குறையும், காரவேன் முன்னால் தள்ளும், ஆட்டம் கூடும். எப்படியோ மணலோரத்தில் நின்றது. சின்னவள் மட்டும் "இன்னொரு தடவை" என்றாள்.

ஆட ஆரம்பித்தால் செய்ய வேண்டியது: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள், ஆட்டத்தைத் துரத்தித் திருப்பாதீர்கள். பிக்கப் பிரேக்கைத் தொடாமல் அந்தக் கன்ட்ரோலர் பொத்தானை அழுத்தி, காரவேன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் கயிறு போல நேராகிவிடும்.

மறுநாள் உருண்டை எடையைப் பார்த்தோம். 2,400 கிலோ காரவேனுக்கு 240 இருக்க வேண்டிய இடத்தில் 120 இருந்தது. காரணம் எளிது. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தது, முன்பக்கத் தொட்டி காலி. பின்பம்பரில் நாலு சைக்கிள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அது எங்கே நிற்கிறது என்பதைத்தான் யோசிக்கவில்லை. கனமானதெல்லாம் சக்கரத்துக்கு மேலே, தரையோடு தரையாக. துணி, போர்வை, ரொட்டி மாதிரி லேசானவை மேல் அலமாரியிலும் இரு ஓரங்களிலும். வாலில் எதையும் தொங்கவிடாதீர்கள். சைக்கிள் இப்போது பிக்கப்பின் கூண்டுக்குள் போகிறது. அதற்காக இழுப்பறையைக் கழற்றி விற்றுவிட்டோம். அந்த 60 கிலோவும் மிச்சம்.

சாலையில்

டிசம்பர் அங்கே கடும் கோடை. வடக்கே போகாமல் தெற்கே மார்கரெட் ரிவர், ஆல்பனி பக்கம் போங்கள். ஜூன் குளிர்காலம், பெர்த்தில் மழை. அப்போது கால்பாரி, எக்ஸ்மவுத் என்று வடக்கே ஏறலாம். கால்பாரி சுமார் 570 கி.மீ., எக்ஸ்மவுத் 1,250 கி.மீ. போல. முதல் வருடமே எக்ஸ்மவுத் என்று கிளம்ப வேண்டாம். ஒரு நாளில் 300, 350 கி.மீ.க்கு மேல் இழுக்காதீர்கள். தீவுக்காரர்களான நமக்கு அந்தத் தூரத்தின் அலுப்பு முதலில் புரியாது, மூன்றாம் நாள்தான் புரியும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் நிறுத்திவிடுங்கள். இருட்டும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் கங்காரு குறுக்கே வரும். வடக்கே 53.5 மீட்டர் வரை நீளமான ரோடு டிரெயின் லாரிகள் ஓடும். அது நம்மை முந்தும்போது முதலில் காற்று தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். வேகத்தைக் கூட்டாமல் நேராகப் பிடித்திருந்தால் போதும். ஒரு யுஎச்எஃப் வயர்லெஸ் வாங்கி வைத்தால் லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் பேசுவது கேட்கும். காரவேன்காரர்களுக்கு 18.

டீசல் செலவு? காரவேன் இல்லாமல் 100 கி.மீ.க்கு 9 லிட்டர் குடித்த எங்கள் வண்டி, காரவேனோடு 16 குடிக்கிறது, எதிர்காற்று அடித்தால் 18. ஐந்து கி.மீ. வேகத்தைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். புறப்பட்டு 50 கி.மீ. போனதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வீல் மூடியைத் தொட்டும் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது என்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகப்போகிறது.

பராமரிப்பு: இங்கே ஒன்று சாகும், அங்கே வேறொன்று

என் சிங்கப்பூர் பிக்கப் நாளுக்கு எட்டு வீட்டுக்குப் போகிறது. ஒவ்வொன்றும் ஐந்து, பத்து கி.மீ. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அது சேர்த்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, இன்ஜின் தொடர்ந்து சூடாக ஓட வேண்டும். நின்று நின்று போகும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. அதனால் வாரம் ஒருமுறை இரவில் விரைவுச்சாலையில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுகிறேன். பிரேக் பேடும் இங்கே சீக்கிரம் போகும்.

பெர்த் வண்டிக்குப் பயணத்தில் டிபிஎஃப் தொல்லை கிடையாது. அதன் எமன் சூடுதான். 2,500 கிலோவை 40 பாகை வெயிலில் மேட்டில் இழுக்கும்போது ஆட்டோ கியரின் ஆயில் வெந்துபோகும். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தால், பாரம் இழுக்கும் வண்டிக்கென்று தனி அட்டவணை இருக்கும், பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. இன்ஜின் ஆயிலை அந்த அட்டவணைப்படி மாற்றுங்கள். கியர் ஆயிலை நாங்கள் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறோம். கியர் ஆயிலைக் குளிர்விக்கக் கூடுதலாக ஒரு சின்ன ரேடியேட்டர் பொருத்தினோம், அதன் வெப்பத்தைக் காட்டும் மீட்டரும் வைத்தோம். நாங்கள் செய்த செலவுகளில் இதுதான் உருப்படியானது. மேட்டில் வண்டி மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தவித்தால், கையால் ஒரு கியர் இறக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், ஆயில் சூடு குறையும். இறக்கத்திலும் அதே கியர். நீண்ட மேடு ஏறி நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், டர்போ ஆறட்டும்.

மற்றவை சுருக்கமாக: கூலண்டைக் காலத்தில் மாற்றுங்கள், ரேடியேட்டர் முன்னால் ஒட்டிய பூச்சிகளைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஒதுக்குப்புற ரோட்ஹவுஸ்களில் நிரப்பிய டீசலில் தண்ணீர் இருந்தால் இன்ஜெக்டர் போய்விடும், டீசல் ஃபில்டர் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். செம்மண் பாதையில் போய்வந்தால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் தேடுங்கள்.

காரவேனின் சக்கர பேரிங்குக்கு 10,000 கி.மீ. அல்லது வருடம் ஒருமுறை, எது முதலோ அப்போது கிரீஸ். அதோடு டயர். காரவேன் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகிறது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஆறு வருடம் ஆனதை, பூ (டயரின் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுகிறோம். காற்றைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள். நாலு, ஐந்து பிஎஸ்ஐ கூடியிருந்தால் சரி. எட்டு, ஒன்பது கூடியிருந்தால் காலையில் வைத்த காற்று போதவில்லை, அல்லது எடை அதிகம்.

ஐந்து மாதம் சும்மா நிற்கும் வண்டி

எங்களைப் போல விடுமுறைக்கு மட்டும் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பிக்கப்பை அத்தான் வாரம் ஒருமுறை கடைக்கு எடுத்துப் போகிறார், நல்லதுதான். ஆனால் இரண்டு கி.மீ. கடைக்குப் போய் வந்தால் டிபிஎஃப்புக்குப் பலனில்லை. மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் என்று பேசி வைத்திருக்கிறோம். டீசல் தொட்டியை நிரப்பியே நிறுத்துங்கள். காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் படியும்.

காரவேனைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கை பிரேக்கை விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் இழுத்துப் பிடித்திருந்தால் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். டயருக்கு வெயில் மூடி போட்டு, காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்து குழாய்களைத் திறந்து விடுங்கள். கேஸ் சிலிண்டர் மூடியிருக்கட்டும் (ஓட்டும்போதும் அப்படித்தான்). சூரியத் தகடு இல்லாத காரவேனில் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போட வேண்டும். அலமாரியில் ஒரு பருப்பு கூட மிச்சம் வைக்காதீர்கள். ஒரு டிசம்பரில் கதவைத் திறந்தபோது சாம்பார்ப் பொடிப் பாக்கெட்டைக் கடித்துப் போட்டிருந்த எலிக் குடும்பம், மெத்தையின் ஓரத்தையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அத்தான் பிக்கப்பையும் காரவேனையும் சர்வீசுக்கு விட்டுவிடுவார். நான் இங்கிருந்து விளக்கு பல்பு, ஃபியூஸ், பழைய துணிக் கையுறை எல்லாம் எடுத்துப் போவேன். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துப் போவதில்லை. பெர்த் விமான நிலையத்தில் உணவுப் பொருள் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும், பச்சை இலையைக் கண்டால் எடுத்துவிடுவார்கள். அக்கா வீட்டுக் கொல்லையில் இரண்டு செடி இருக்கிறது. போகும் வழியில் ஒரு கொத்து ஒடித்துக் காரவேன் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்வோம். அதற்கு எடை பார்ப்பதில்லை.